கப்பலூர் தாண்டியாச்சு

அவன்தான் சார் என்னைக் காட்டிக்கொடுத்தான். பேர் தெரியாது, மூஞ்சி தெரியாது. எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருக்கிற ரோட்டுக்கெல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் அடிக்கிறானே, அவன். ரோட்டுக்கு அடித்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் குடும்பத்துக்குள் வந்து அடித்துவிட்டான்.

உட்காருங்க, உட்காருங்க. அந்தச் சேரில் ஒரு கால் ஆடும், இதில் வாங்க. உங்க வண்டிக்கு என்ன, ஆயில் மாற்றவா? ஒரு மணி நேரம் என்பான், ரெண்டு மணி நேரம் ஆக்குவான். என் வண்டிக்கு ஒன்றும் இல்லை சார். இந்த ஒர்க்‌ஷாப்காரர்களே சொல்லிவிட்டார்கள், "ஒண்ணும் இல்ல, எடுத்துட்டுப் போங்க" என்று. நான்தான் போக மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். மணி என்ன? ஒன்பது இருபதா? இருக்கிறது, நேரம் இருக்கிறது.

நான் பால்சாமி. பழங்காநத்தத்தில் கேட்டால் கதவுக்காரர் என்பார்கள். பழைய வீட்டை இடிக்கிற இடத்தில் கதவு, நிலை, தூண், உத்திரம் எடுத்து விற்கிறவன். பதினாறு வயசில் மூணு சக்கர வண்டியை மிதித்து ஆரம்பித்தேன். இப்போது நாலு லாரி நிற்கிறது. படிப்பு அஞ்சாம் வகுப்பு. ஆனால் எதிரே நிற்கிறவன் முதலில் சொல்வது பொய் என்பது தெரியும். அது போதும் சார். எவன் எதைச் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரெண்டு எட்டு நடக்கணும். கூப்பிடுவான். இறங்குவான். நாற்பது வருஷமாக என்னைக் கூப்பிடாதவன் கிடையாது.

இந்த வண்டியைப் போன வருஷம் ஒரு டாக்டரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முன்னாலேயே அந்தப் பெட்டி இருந்தது, வழி காட்டுகிற பெட்டி. எனக்கு அது தேவையில்லை. மதுரையில் எனக்குத் தெரியாத சந்தா? சும்மாதான் கிடந்தது. என் அக்கா மகள் வினோதாதான் அதற்கு உயிர் கொடுத்தாள். கல்யாணப் பத்திரிகை வைக்க அக்காவும் அவளும் வந்திருந்தார்கள். காப்பி குடித்த கையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் போனை வாங்கி அதையும் இதையும் அமுக்கினாள்.

"மாமா, இந்தா பாருங்க. பச்சைன்னா ரோடு காலி. சிவப்புன்னா வண்டி நிக்குது. அப்பப்ப மாறும். இப்ப என்ன நடக்குதோ அதை இப்பவே காட்டும்."

"யாரு பார்த்துச் சொல்றான்?"

"யாரும் பாக்கலை மாமா. ரோட்டுல போற வண்டியும் போனும்தான் சொல்லுது. நிக்கிற வண்டி நிக்கிறேன்னு சொல்லும், ஓடுற வண்டி ஓடுறேன்னு சொல்லும். எல்லாத்தையும் சேர்த்துத்தான் கலர். நீங்களும் அதுல ஒரு புள்ளி."

"நானா?"

"ஆமா. நீங்க நின்னா பின்னாடி வர்றவங்களுக்குச் சிவப்பு."

சிரித்தாள் சார். அவள் அப்பா மாதிரியே கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிப்பாள். யாரும் பார்க்கவில்லையாம்! ஆள் இல்லாமல் கணக்கு எழுதுகிற கடை உண்டா? சின்னப் பெண், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவனைப் பற்றி எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்குள் ஒருத்தி தமிழில் பேசுவாள், "வலது பக்கம் திரும்பவும்" என்று. அவள் பாவம், சம்பளத்துக்குப் பேசுகிறவள். பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான்.

வினோதா இன்னொன்றும் செய்தாள். "மாமா, என் பேரையும் இதுல போட்டுட்டேன். நீங்க எங்க வர்றீங்க, எத்தனை மணிக்கு வருவீங்கன்னு என் போனுக்கு வந்துடும்" என்றாள். நான் சரி சரி என்றேன். அந்த நேரம் என் மர யார்டில் தேக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எதுக்குச் சரி சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்று சொல்லணும். அந்தப் பெட்டியிடம் நான் முதல் தடவையே ஜெயித்தேன். மேலூருக்குப் போகிறேன். பெட்டிக்குள் இருக்கிறவள் நாற்பத்தெட்டு நிமிஷம் என்றாள். "சரிதான் போடி" என்று அவள் சொன்ன பக்கம் திரும்பாமல் நேரே விட்டேன். கொஞ்சம் யோசித்தாள். நாற்பத்திரண்டு என்றாள்! பார்த்தீர்களா? ஆறு நிமிஷம் இறங்கி வந்தாள். இதுவும் வியாபாரம்தான், நமக்குத் தெரிந்த வியாபாரம்தான் என்று அன்றைக்குப் புரிந்துபோயிற்று. அதற்கப்புறம் அவள் சொன்ன முதல் வழியில் நான் போனதே இல்லை.

டேய் தம்பி, வண்டிக்குள் என்ன பண்ணுகிறாய்? கண்ணாடியைத் துடைத்தால் போதும். பின் சீட்டில் இருப்பதைத் தொடாதே. காய்ந்திருந்தால் உனக்கென்ன? தொடாதே என்றால் தொடாதே.

பாருங்க சார், கோபம் வந்துவிடுகிறது. ஒரு வாரமாக இப்படித்தான். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி அலுப்பு, ஆனால் வாயைத் திறந்தால் கோபம்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். திருமங்கலத்தில் மண்டபம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்து. எங்கள் பக்கத்தில் பெண் மணையில் உட்காரணும் என்றால் முதலில் தாய்மாமன் மாலை கழுத்தில் விழணும். மற்ற சீரெல்லாம் முதல் நாளே என் வீட்டுக்காரி கொண்டுபோய் இறக்கிவிட்டாள். மாலை மட்டும் என் கையால் பார்த்து வாங்கணும் என்று எனக்கு ஆசை. காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனேன். சொல்லி வைத்த மாலைதான். ஆனால் கையில் வாங்கியதும் அவன் கேட்டதைக் கொடுத்துவிட்டு வர முடியுமா? ஒரு வார்த்தை பேசினேன். அவன் ஒரு வார்த்தை பேசினான். ஐந்து நிமிஷம்தான். சரி, இருபது நிமிஷம். எட்டு பத்துக்கு வண்டியை எடுத்துவிட்டேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்க, எட்டு பத்து. அது தாமதமா?

பெட்டியில் திருமங்கலம் என்றேன். ரிங் ரோட்டில் திரும்பு, எட்டு ஐம்பத்தைந்துக்குப் போய்விடலாம் என்றாள். ரிங் ரோடு முழுக்கப் பச்சை. ஊருக்குள் போகிற ரோட்டில் திருப்பரங்குன்றம் கிட்டே மட்டும் கொஞ்சம் சிவப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. ரிங் ரோடு ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. வெளியூர்க்காரனை ஏற்றின ஆட்டோக்காரன் காட்டுகிற வழி. பிறந்து வளர்ந்த ஊரில் எனக்கே சுத்துவழியா? நேரே விட்டேன்.

"வழி மாற்றப்படுகிறது. ஒன்பது ஐந்து" என்றாள்.

ஏறியிருக்கிறது பாருங்க. ஆனால் வியாபாரத்தில் சில ஆள் முதலில் ஒரு முறுக்கு முறுக்குவான். விட்டுப் பிடிக்கணும். பழங்காநத்தத்தில் அவனியாபுரம் பக்கம் திரும்பு என்றாள். திரும்பவில்லை. ஒன்பது பதினைந்து. பசுமலையில் வந்த வழியே திரும்பிப் போ என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! முகூர்த்தத்துக்குப் போகிறவனைத் திரும்பிப் போ என்று சொல்லலாமா சார்? அபசகுனம் இல்லையா? பெட்டியில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். ஒன்பது நாற்பது என்றாள். மறுக்க மறுக்க ஏறுகிற வியாபாரத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திருப்பரங்குன்றம் வந்ததும் வண்டி நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். பெரிய முகூர்த்த நாள். கோயிலில் கல்யாணம், ரோட்டு மண்டபத்தில் எல்லாம் கல்யாணம். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பேண்டு வாத்திய வேன், பக்கத்தில் மாப்பிள்ளை கார் ஒன்று, அதுவும் நிற்கிறது. பெட்டியில் நான் இருக்கிற இடம் ரத்தச் சிவப்பு. ஏசியைக் கூட்டி வைத்தேன், மாலை வாடக்கூடாது என்று.

இதற்கு நடுவில்தான் போன்.

முதல் போன் பழங்காநத்தத்திலேயே வந்தது. அக்கா. "எங்கடா வர்ற?"

"திருநகர் வந்துட்டேன்க்கா. பத்து நிமிஷம்."

நீங்களே சொல்லுங்க, இதில் என்ன தப்பு? எல்லாரும் சொல்வதுதானே? கிளம்பாதவன் கிளம்பிவிட்டேன் என்பான், கிளம்பினவன் வந்துவிட்டேன் என்பான். கேட்கிறவனும் அதற்குத் தகுந்த மாதிரி கழித்துக்கொள்வான். நான் லாரியை அனுப்பாமலே லாரி வந்துகொண்டிருக்கிறது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் இன்னும் என்னிடம்தான் மரம் எடுக்கிறார்கள்.

ஒன்பது பத்துக்கு மறுபடியும். "எங்கடா இருக்க? மாப்பிள்ளை மணைக்கு வந்துட்டாரு."

"கப்பலூர் தாண்டியாச்சுக்கா. பத்தே நிமிஷம். பொண்ணைக் கூட்டிட்டு வந்துராதீங்க, நான் வந்துர்றேன்."

கப்பலூர் எங்கே, திருமங்கலத்தை ஒட்டி இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன்? கோயில் கோபுரம் தெரிகிறது எனக்கு.

அக்கா என்ன செய்தாள் என்று பிறகு என் வீட்டுக்காரி சொன்னாள். மைக்கை வாங்கி, "தாய்மாமன் கப்பலூர் தாண்டிட்டாரு, பத்து நிமிஷம் பொறுத்துக்கங்க" என்று சபைக்கே சொல்லியிருக்கிறாள். ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சம்பந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்பதரைக்கு மூன்றாவது போன். நான் "மண்டபத்து ரோட்டுல திரும்புறேன்க்கா" என்றேன். அவள் மறுபடியும் மைக்கை எடுத்தாளாம்.

அப்போதுதான் உள் ரூமில் இருந்து வினோதா சொல்லி அனுப்பியிருக்கிறாள். "அம்மாகிட்ட மைக்கைக் கீழ வைக்கச் சொல்லுங்க. மாமா திருப்பரங்குன்றத்துலதான் நிக்கிறாரு. அரை மணி நேரமா நகரவே இல்ல."

மருதாணிக் கையோடு, பட்டுப்புடவையோடு, மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் சார் அந்தப் பெண். எட்டு பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரிங் ரோட்டை விட்டதும் தெரியும். பசுமலையில் திரும்பாததும் தெரியும். நான் திருநகர் என்று சொன்னபோது பழங்காநத்தத்தில் நின்றதும் தெரியும். என் பேரில் ஒரு நீலப் புள்ளி. அது நிற்கிறது. என் வாய் மட்டும் கப்பலூர் தாண்டிப் போய்விட்டது.

பெரியப்பா மகன் தவமணி என்று ஒருத்தன். எனக்கு அவனைக் கண்டால் ஆகாது, ஆட்டுச் சந்தைத் தரகன். மண்டப வாசல் கடையில் ஒரு கதம்ப மாலையை வாங்கிவந்து, தாய்மாமன் இடத்தில் நின்று அவன் போட்டான். பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது தாலி ஏறியது. நான் போய்ச் சேர்ந்தது பத்து இருபதுக்கு. பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆளுயர மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் நடு மண்டபத்தில் நிற்கிறேன். எல்லோரும் இலையைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு பேச்சுப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். பேசத் தெரிந்தவனை எதிரே ஆள் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள்.

அக்கா வந்தாள். என் முன்னால் நின்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப, அன்னைக்கு அவர் சொன்னதும் நெசந்தானாடா?"

அந்த ஒரு கேள்விதான் சார்.

அவர் என்றால் என் மச்சான், ராமையா. அக்கா புருஷன். போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வினோதா பெரிய மனுஷி ஆனபோது சடங்கு வைத்தார்கள். அன்றைக்கும் நான் சீர் கொண்டுபோனது பொழுது சாய்ந்த பிறகுதான். காலையில் காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பர்மா தேக்குத் தூண் எட்டு. வீட்டுக்காரன் இறங்கி வருகிற நேரம், எழுந்து வர முடியுமா? லாரி மானாமதுரையில் பிரேக் டவுன் என்று சொல்லிவிட்டேன். மச்சான் சபையில் கேட்டார்: "லாரி நின்னுச்சா, நீ நின்னியா?" என்னைப் பொய்யன் என்கிறாயா என்று நான் தாம்பாளத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன். அதோடு அவருக்கும் எனக்கும் பேச்சில்லை. அவர் சாகிற வரைக்கும் இல்லை.

ஆனால் அக்கா? அத்தனை வருஷமும் என் பக்கம்தான். "எந்தம்பி கோபக்காரன், பொய் சொல்றவன் இல்ல" என்று அந்த மனுஷனிடம் தினமும் சண்டை. அவர் படுத்த படுக்கையாக இருந்தபோதுகூட, "என் தம்பியைத் தப்பாப் பேசிட்டீங்க, ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அதையும் அவளே என்னிடம் வந்து சொல்லி அழுதாள். நான் என்ன செய்தேன்? அவர் அப்படித்தான்க்கா, விடு என்றேன்.

அந்தக் காலத்தில் பெட்டி இல்லை சார். புள்ளி இல்லை. ஒரு மனுஷன் சொன்ன சொல்லுக்கு மரியாதை இருந்தது.

அதனால்தான் இங்கே வந்தேன். பெட்டி பழுது, தப்பாகக் காட்டியது என்று ஒரு கடுதாசி கொடுங்கள் என்று கேட்டேன். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒயரைப் பிடுங்கினார்கள், செருகினார்கள். கடைசியில் அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு வந்து, "பெட்டி நல்லா இருக்குங்க சார். அன்னைக்குப் போனது எல்லாம் இதுல பதிவா இருக்கு. மூணு தடவை வேற வழி சொல்லியிருக்கு, நீங்கதான் எடுக்கலை" என்றாள். எனக்கே காட்டுகிறாள், என் வண்டியில், நான் போன வழியை!

"சரிம்மா, பதிவு இருக்கட்டும். பழுதுன்னு எழுதிக் கொடுத்தா உனக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

"அப்படிக் கொடுக்க முடியாதுங்க சார்."

"அரைகுறையா எழுது. சில நேரம் தப்பாக் காட்டலாம்னு எழுது."

"முடியாதுங்க சார்."

"சந்தேகம்னு ஒரு வார்த்தை போடும்மா. அது போதும்."

அதற்கும் மாட்டேன் என்கிறாள். நானும் எழுந்து வாசல் வரைக்கும் போனேன். கூப்பிடவில்லை சார். நானே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியாக அவள் இன்னொன்று கேட்டாள். "இதுல வினோதான்னு ஒரு பேர் இருக்கு. நீங்க எங்க இருந்தாலும் அவங்களுக்குத் தெரியும். வேண்டாம்னா எடுத்துடட்டுமா? ஒரு தடவை அமுக்கினாப் போதும்."

வேண்டாம் என்றேன். இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்காதீங்க. வினோதா கையால் போட்டது. அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

மணி என்ன? ஒன்பது ஐம்பதா? ஒன்றுமில்லை, இன்றைக்கு வெள்ளிக்கிழமை பாருங்க. பத்தரைக்கு ராகு காலம். வினோதாவும் மாப்பிள்ளையும் இன்றைக்கு மத்தியானம் ஓசூருக்குக் கிளம்புகிறார்கள், அங்கேதான் அவருக்கு வேலை. அதற்குள் தாய்மாமன் வீட்டு விருந்துக்கு அழைக்கணும். நேற்று அக்கா என் வீட்டுக்காரியிடம் சொல்லி விட்டிருக்கிறாள்: "பத்தரைக்குள்ள அவனே நேர்ல வந்து கூப்பிடட்டும். வந்தா நான் அனுப்பி வைக்கிறேன். வரலைன்னா இத்தோட சரி." அக்கா கோபப்பட்டுச் சொல்லவில்லையாம். அதுதான் பயமாக இருக்கிறது. இங்கேயிருந்து திருமங்கலத்தில் அக்கா வீடு அரை மணி நேரம். போய்விடலாம். ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் எந்த முகத்தோடு போவது? ஒரு கடுதாசி இருந்தால், "இந்தா பாருக்கா, மிஷின் தப்பு" என்று முன்னால் வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கலாம். அப்படி இல்லாமல் போனால் முதல் வார்த்தை என்ன சொல்வது? நாற்பது வருஷமாக முதல் வார்த்தையை எதிராளியிடம்தான் விட்டிருக்கிறேன்.

இருங்க, போன் வருகிறது. வினோதாதான்.

"சொல்லும்மா... ஆமாம்மா, கிளம்பிட்டேன். வந்துக்கிட்டே இருக்கேன். பத்து நிமிஷம்... என்னது?... ஆமா... அது... இல்லம்மா, வண்டி வந்து... வினோதா? ஹலோ?"

வைத்துவிட்டாள்.

ஒன்றும் இல்லை. "மாமா, வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்லதான் நிக்குது" என்றாள். கோபமே இல்லை. "வர்றதா இருந்தா வாங்க மாமா, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

பார்த்தீர்களா சார்? இப்போதும் காட்டுகிறான்! இந்த நிமிஷத்திலும் காட்டுகிறான்! அவளை அங்கே உட்காரவைத்து, என்னை இங்கே நிற்கவைத்து, நடுவில் அவன் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. அந்தப் பொண்ணையே கேளுங்க, அவனுக்குப் போன் போட வழி உண்டா என்று. அவனே வரட்டும். கடுதாசி வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்த நீலப் புள்ளியை இந்த இடத்திலிருந்து கிளப்பட்டும். ரிங் ரோடோ, சுத்துவழியோ, அவன் சொல்கிற வழியிலேயே போகட்டும். பத்தரைக்குள் கொண்டுபோய் என் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தட்டும். எங்கள் குடும்பத்துக்குள் இவ்வளவு தூரம் வந்து கெடுத்தவனுக்கு அதைக்கூடச் செய்யத் தெரியாதா? செய்யச் சொல்லுங்க சார் அவனை.